மலை ஏறும் டீசல்: ஒரு குடும்ப வண்டியின் கணக்கு நோட்டு

சரக்கு வண்டி வாங்கச் செல்லும் எவரும் விற்பனையாளரிடம் முதலாவதாகக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?” என் தங்கையின் கணவரும் அதையே கேட்டார். மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு மண்டி ஒன்றில் பதினோர் ஆண்டுகள் மூட்டை எண்ணிக் கணக்கெழுதியவர் அவர். இனியும் பிறரிடம் கைகட்டி நிற்பதைவிடச் சொந்தமாக ஒரு டீசல் பிக்கப் வண்டி வாங்கி, உதகைக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் ஏற்றிச் சென்று, திரும்பும்போது காரட்டும் முட்டைக்கோசும் ஏற்றி வரலாம் என்று துணிந்தார். தங்கையின் நகைகளில் பாதி முன்பணமாயிற்று. மீதி ஐந்தாண்டுத் தவணை. விற்பனை நிலையத்தில் இருந்த இளைஞர் சற்றும் தயங்காமல், “பதினேழு கொடுக்கும் பாய்!” என்றார். அந்தப் பதினேழை நம்பித்தான் குடும்பத்தின் வரவு செலவே வகுக்கப்பட்டது.

முதல் மாதம் முடிந்தது. வண்டி கொடுத்தது லிட்டருக்குப் பதினொன்றரைக் கிலோமீட்டர்.

பதினேழுக்கும் பதினொன்றரைக்கும் இடையே உள்ள வேறுபாடு காகிதத்தில் சிறியது, வீட்டில் பெரியது. மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குப் பதினேழு வீதம் 147 லிட்டர் போதும். பதினொன்றரை வீதம் 217 லிட்டர் வேண்டும். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதந்தோறும் ஆறாயிரத்து முந்நூறு ரூபாய் கூடுதல் செலவு. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு என்று ஒதுக்கியிருந்த தொகை அது.

மச்சான் பதறிப்போனார். வண்டியில் பழுது என்று பணிமனைக்குக் கொண்டு சென்றார். பழுது ஒன்றும் இல்லை என்றார்கள். பெட்ரோல் பங்கில் அளவு குறைகிறதோ என்று ஐயுற்றார். பிறகு யாரோ ஒரு மூத்த ஓட்டுநர் சொன்னார் என்று, குன்னூரிலிருந்து இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் விடத் தொடங்கினார். இதைத் தங்கை என்னிடம் தொலைபேசியில் சொன்னபோதுதான் எனக்கு உள்ளம் திடுக்கிட்டது. முப்பதாண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். மறுநாள் ஃபஜ்ரு தொழுகை முடிந்ததும் மேட்டுப்பாளையத்துக்குப் பேருந்து ஏறினேன்.

தங்கை சமையலறை அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்து என் முன் வைத்தாள். தேதி, கிலோமீட்டர், ஊற்றிய லிட்டர் ஆகியவற்றோடு, ஏறும்போது எத்தனை கிலோ, இறங்கும்போது எத்தனை கிலோ, வாடகை எவ்வளவு என்பதும் அதில் இருந்தன. “மண்டியிலே அவங்க எழுதின மாதிரியே நானும் எழுதினேன் அண்ணா” என்றாள். அந்த நோட்டு இல்லாதிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை.

பதினேழு எங்கிருந்து வந்தது?

விற்பனை இளைஞர் பொய் சொன்னார் என்று நான் கூற மாட்டேன். அவரிடம் கொடுக்கப்பட்ட எண்ணை அவர் ஒப்பித்தார். நம் நாட்டில் இலகு ரக வாகனங்களின் எரிபொருள் செலவு, புணே நகரில் 1966இல் நிறுவப்பட்ட ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற ஆய்வு நிறுவனங்களில் அளக்கப்பட்டு வந்திருக்கிறது. வண்டி அங்கே சாலையில் ஓடுவதில்லை. சுழலும் உருளைகளின்மீது சக்கரங்களை நிறுத்தி, ஏறத்தாழ இருபது நிமிடங்கள், முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படி ஓட்டுவார்கள். இத்தனை நொடி நிற்றல், இத்தனை நொடி முடுக்குதல், உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் என்று எல்லாம் எழுதிவைத்தபடி நடக்கும். பல வண்டிகளை ஒரே அளவுகோலால் ஒப்பிட அது நல்ல முறைதான். ஆனால் அந்த உருளைகளுக்குக் கொண்டை ஊசி வளைவு கிடையாது. முழுச் சுமையும் அங்கே ஏற்றப்படுவதில்லை.

செல்வ நாடுகளில் நிலைமை மேல் என்று எண்ணிவிட வேண்டாம். டீசல் பிக்கப் வண்டிகளுக்குப் பெயர்போன அமெரிக்காவில், புதிய கார்களின் கண்ணாடியில் எரிபொருள் அளவைக் குறிக்கும் அரசுச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். ஆயினும் வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடைத் தகுதி 8,500 பவுண்டுக்கு, அதாவது சுமார் 3,850 கிலோவுக்கு மேற்பட்ட பெரிய பிக்கப்புகளுக்கு அந்தச் சீட்டே கிடையாது. பாரம் இழுப்பதற்கென்றே அங்கே மிகுதியாக வாங்கப்படும் டீசல் வண்டிகள் அந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றின் உண்மையான மைலேஜ் என்னவென்று உரிமையாளர்தாம் எழுதிவைத்துக் கண்டறிய வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்ட வகையில் 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோர்டு எஃப்-150 டீசல் வண்டி, நெடுஞ்சாலையில் காலனுக்கு 30 மைல் என்று அரசுச் சீட்டுப் பெற்றது. நம் கணக்கில் அது லிட்டருக்குப் பன்னிரண்டே முக்கால் கிலோமீட்டர். அவ்வளவு புகழப்பட்ட அந்த எஞ்சினையும் 2021இல் அந்நிறுவனம் நிறுத்திவிட்டது.

நம் ஊரின் கதை வேறு. இங்கே பிக்கப் என்பது பிழைப்பு. 2005இல் டாடா ஏஸ் வந்தபோது இரண்டே சிலிண்டர், 702 சி.சி., பதினாறு குதிரைத்திறன் கொண்ட அந்தச் சிறு டீசல் வண்டிக்கு நம் மக்கள் ‘குட்டி யானை’ என்று பெயர் சூட்டினார்கள். 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. தள்ளுவண்டியும் மாட்டுவண்டியும் நின்ற சந்துகளில் இவை நுழைந்து, கூலிக்காரர் பலரை வண்டி முதலாளிகளாக்கின. அல்ஹம்துலில்லாஹ், நல்ல மாற்றந்தான். ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு ‘பதினேழை’ நம்பித்தான் கையெழுத்திட்டிருப்பார்கள்.

மலை கேட்கும் விலை

இனி மச்சானின் பாதைக்கு வருவோம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை 2,240 மீட்டர். இடையே ஐம்பது கிலோமீட்டர்ச் சாலை. கல்லாறு தாண்டியதும் தொடங்கும் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், பர்லியார், குன்னூர். அதாவது, ஐம்பது கிலோமீட்டர் ஓடுவதோடு, வண்டி தன்னையும் தன் சுமையையும் 1,900 மீட்டருக்கு மேலே தூக்கியும் ஆக வேண்டும். மைலேஜ் பேசுகிறவர்கள் ஓட்டத்தைத்தான் பேசுகிறார்கள், தூக்குதலைப் பேசுவதில்லை.

வண்டி வெறுமையாக 1,700 கிலோ. சரக்கு 1,300 கிலோ. ஆக மூன்று டன். அதை 1,900 மீட்டர் உயர்த்துவதற்கு வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 56 மெகா ஜூல். ஒரு லிட்டர் டீசலில் அடங்கியுள்ள ஆற்றல் சுமார் 36 மெகா ஜூல். அப்படியானால் ஒன்றரை லிட்டர் போதுமே என்று தோன்றும். போதாது. எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றியபோது உலகமே வியந்தது; அக்காலத்து நீராவி எஞ்சின்கள் அதில் பாதியைக் கூட எட்டவில்லை. இன்றைய சிறு டீசல் வண்டியில், சக்கரத்தைச் சென்றடைவது 30 விழுக்காடு என்று கொள்ளலாம். அவ்வாறு கொண்டால், தூக்குவதற்கு மட்டுமே 5.2 லிட்டர் செலவாகும். டயர் உருளும் தடை, காற்றின் தடை ஆகியவற்றுக்கு மேலும் இரண்டு லிட்டர். ஏறுவதற்கு ஏழு லிட்டருக்குச் சற்று மேல். இறங்குவதற்கும், சந்தையில் நின்று நகர்வதற்கும் ஒன்றரை லிட்டர். போய்வர 102 கிலோமீட்டர், சுமார் 8.7 லிட்டர். வகுத்துப் பாருங்கள்: லிட்டருக்குப் பதினொன்றே முக்கால்.

தங்கையின் நோட்டில் இருந்தது பதினொன்றரை. வண்டியில் பழுதும் இல்லை, திருட்டும் இல்லை. மலை தன் விலையை வாங்கிக்கொண்டது, அவ்வளவே.

இதே கணக்கை வெறும் வண்டிக்குப் போட்டேன். சரக்கின்றி ஏறி இறங்கினால் ஐந்தரை லிட்டர் போதும். லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஆகவே விற்பனை நிலையத்தின் பதினேழு நம் வண்டியிலும் கிடைக்கும். ஒன்றும் ஏற்றாமல் உதகைக்குச் சென்று காற்று வாங்கித் திரும்பினால் போதும்! மச்சான் இதைக் கேட்டுச் சிரித்தார், தங்கை சிரிக்கவில்லை.

உயரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. உதகையின் காற்று கடல்மட்டக் காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின்கள் அங்கே மூச்சுத் திணறிக் கரும்புகை கக்கின. இன்றைய வண்டிகளில் டர்போ அக்குறையைப் பெரும்பாலும் ஈடு செய்துவிடுகிறது. காற்று வடிகட்டி தூசியடைந்து கிடந்தால் மட்டும் பழைய கதையே.

நியூட்ரல் என்னும் வஞ்சகம்

இப்போது நான் பேருந்து ஏறிய காரணத்துக்கு வருகிறேன். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பது நம் ஓட்டுநர்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. சிலர் இன்னும் ஒருபடி மேலே போய் எஞ்சினையே நிறுத்திவிடுகிறார்கள். உயிரைப் பணயம் வைத்துச் சேமிக்கிறோம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் சேமிப்பே இல்லை என்பதுதான் வேதனை.

கியரில் வைத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது, சக்கரங்கள்தாம் எஞ்சினைச் சுழற்றுகின்றன. எஞ்சின் சுழல்வதற்கு எரிபொருள் தேவையில்லாததால், தெளிப்பான்களுக்கு டீசல் செல்வது அறவே நிறுத்தப்படுகிறது. அப்போது செலவு சுழியம். நியூட்ரலில் போட்ட கணமே சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. எஞ்சின் அணைந்துபோகாமல் இருக்க டீசல் எரிந்துதான் ஆக வேண்டும். சிறு டீசல் எஞ்சின் நின்றபடி ஓட மணிக்கு அரை லிட்டரோ அதற்குச் சற்று மேலோ குடிக்கும். ஆக, நியூட்ரலில் இறங்குகிறவர் கியரில் இறங்குகிறவரைவிட அதிகமாகவே செலவழிக்கிறார்.

அது போகட்டும், பிரேக்கின் நிலையை நினைத்துப் பாருங்கள். மூன்று டன் வண்டியை ஏற்றச் செலவான அந்த 56 மெகா ஜூல் ஆற்றல், இறங்கும்போது எங்கேனும் போயாக வேண்டும். வீட்டில் வெந்நீர் வைக்கும் பெண்களுக்குப் புரியும்படி சொன்னால், 190 லிட்டர்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் ஏறக்குறைய முழுவதும் நான்கு பிரேக்குகளின் தலையில் விழுகிறது. பிரேக் பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. எஞ்சினையும் அணைத்துவிட்டாலோ, பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசையும் இரண்டொரு மிதிப்பில் தீர்ந்துபோகும், ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். நீலகிரிச் சாலைகளில் ‘இரண்டாம் கியரில் இறங்கவும்’ என்று பலகைகள் வைத்திருப்பது அலங்காரத்துக்கு அன்று.

நான் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மச்சான் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, மூன்று நாள்களுக்கு முன் பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் பிரேக்கிலிருந்து தீய்ந்த வாடை வந்ததை ஒப்புக்கொண்டார். தங்கைக்கு அதுவரை அது தெரியாது.

எந்த எண்ணைப் பார்ப்பது?

நோட்டைப் புரட்டிக்கொண்டே போனபோது விந்தையான ஒரு மாதம் கண்ணில் பட்டது. மழைக்காலம். உதகைக் கடைகளில் வியாபாரம் மந்தம். ஏறும் சரக்கு பாதியாகக் குறைந்திருந்தது. அந்த மாதம் மைலேஜ் லிட்டருக்குப் பதினான்கு! மச்சான் அந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு மகிழ்ந்திருந்தார். ஆனால் கையில் நின்ற பணமோ ஆண்டிலேயே மிகக் குறைவு.

சரக்கு வண்டிக்கு ‘லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்’ என்ற கேள்வியே அரைகுறையானது. முழுச் சுமை 1,300 கிலோவுக்கு ஒரு நடை 8.7 லிட்டர், நூறு கிலோவை மலையேற்ற முக்கால் லிட்டருக்கும் குறைவு, ஏறத்தாழ அறுபது ரூபாய். பாதிச் சுமை 650 கிலோவுக்கு ஒரு நடை 7.2 லிட்டர், மைலேஜ் அழகாகத் தெரியும், ஆனால் நூறு கிலோவுக்கு ஆகும் செலவு நூறு ரூபாய். மைலேஜ் ஏற ஏற வருமானம் இறங்கியதன் மறைபொருள் இதுதான். தங்கை இதை நான் சொல்லும் முன்பே பாதி ஊகித்திருந்தாள். “அதிகம் குடிக்கிற மாசந்தான் அதிகம் கொடுக்குது அண்ணா” என்றாள்.

அப்படியானால் அளவுக்கு மீறி ஏற்றிவிடலாமே என்று எவரும் கிளம்ப வேண்டாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அதிகப் பாரத்துக்கு இருபதாயிரம் ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் இரண்டாயிரமும் அபராதம் விதிக்கிறது. மலைப்பாதையில் அதைவிடப் பெரிய அபராதத்தை மேலே பார்த்தோம்.

சமவெளியில் ஓடுகிறவர்களுக்குக் கணக்கு மாறும். அங்கே எதிரி உயரமன்று, வேகம். காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக வளர்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் இருந்த தடை 80இல் இரண்டரை மடங்காகிவிடும். தார்ப்பாய் படபடக்கக் கட்டிய லோடு அதை இன்னும் கூட்டும். 45 முதல் 55 வரையிலான வேகமே சிக்கனமானது என்று அரசின் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. டயரில் காற்றுக் குறைவதும் அவ்வாறே: நான்கிலும் பத்துப் பவுண்டு குறைந்தால் டீசல் சுமார் இரண்டு விழுக்காடு வீணாகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீடு.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டி வைத்திருப்போருக்கு ஒரு சொல். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள வண்டியில், அது நிறைந்ததும் கூடுதல் டீசலைச் செலவிட்டு எஞ்சினே கரியை எரித்துத் தள்ளும். அப்போது மைலேஜ் சற்றுக் குறையும்; பயப்பட வேண்டாம். எரிந்து முடியும் முன் வண்டியை அணைத்து அணைத்து எடுப்பதுதான் கேடு.

அளந்து பார்க்கும் முறை

உண்மையான மைலேஜ் அறிய டேங்க் நிரப்பும் முறையே நம்பத்தக்கது. குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கம்போல் ஓட்டிவிட்டு, அதே பங்கில், அதே குழாயில், மறுபடி தானாக நிற்கும்வரை நிரப்ப வேண்டும். ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை. ஒருமுறை பார்த்து முடிவு கட்டலாகாது. ஐந்தாறு முறை பார்த்துக் கூட்டிச் சராசரி எடுப்பது நலம். ‘ஐந்நூறு ரூபாய்க்கு ஊற்று’ என்று கேட்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் கைகூடாது. 2017 ஜூனில் விலையை நாள்தோறும் நிர்ணயிக்கும் முறை வந்ததல்லவா?

பங்கின்மீது ஐயம் இருந்தால் அதைத் தீர்க்கவும் வழி உண்டு. ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரம் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் ஊற்றிக் காட்ட வேண்டும். ஐந்து லிட்டரில் 25 மில்லி லிட்டர் வரையிலான வேறுபாடு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. தங்கையின் வற்புறுத்தலால் மச்சான் தயங்கித் தயங்கிக் கேட்டார். பங்கில் இருந்தவர் முகம் சுளிக்காமல் அளந்து காட்டினார். அளவு சரியாகவே இருந்தது. இத்தனை நாள் அவர்மீது கொண்டிருந்த ஐயத்துக்கு மச்சான் அவரிடம் வருத்தம் தெரிவித்து, தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

நோட்டில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது: ‘நூறு கிலோவுக்கு எத்தனை லிட்டர்’. பாதிச் சுமை சேர்ந்த நாளில் மச்சான் புறப்படுவதில்லை. குன்னூர்க் கடைக்காரர் ஒருவரிடம் பேசி, மீதி இடத்துக்கு அவருடைய சரக்கை அடுத்த நாள் சேர்த்தே ஏற்றுகிறார். மாதத்தில் நான்கைந்து நடை குறைந்திருக்கிறது. மைலேஜ் இன்னும் பதினொன்றரைதான். சென்ற மாதத் தவணையை அவர் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பாகவே கட்டிவிட்டார். மீதம் இருப்பவை முப்பத்தொன்று.